கொள்ளைக் கப்பல் காசில் யார் முத்திரை?

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் மருமகளின் அப்பா எழுதுவது. இங்கு நானும் என் மனைவியும் நலம். என் வலது கண்ணும் நலம். இடது கண்ணுக்கு இன்னும் புரை எடுக்கவில்லை, ஆகவே அதன் நலத்தைப் பற்றி இப்போதைக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை. அங்கு தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் கயிற்றுக் கடையில் வியாபாரம் குறைவில்லாமல் நடக்கட்டும். இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து கடையில் வைத்துப் பிரிக்க வேண்டாம். வீட்டுக்குப் போய், இரத்த அழுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து படிக்கவும். தங்கள் தம்பிகள் இருவரும் பக்கத்தில் இருந்தால் மனத்துக்குள் படிக்கவும்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனில் தாங்கள் என்னைப் பேச விடுவதில்லை. மூன்று முறை முயன்று பார்த்தேன். நான் “சம்பந்தி, ஒரு விஷயம்” என்று ஆரம்பித்தால் தாங்கள் “ஒண்ணும் சொல்லாதீங்க சம்பந்தி, நீங்க செஞ்ச உதவிய ஏழு ஜென்மத்துக்கும் மறக்கமாட்டேன்” என்று தழுதழுத்துவிடுகிறீர்கள். அதற்கப்புறம் நான் எதைச் சொல்வது? எனவே தபால்.

விஷயம் தங்கள் வெள்ளிக் காசைப் பற்றியது. காசு பத்திரமாக இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாங்கள் கொடுத்தனுப்பிய அதே பித்தளை டப்பாவில், என் மேசை டிராயரில் இருக்கிறது. ஆனால் பத்திரமாக இருப்பது வேறு, யோக்கியமாக இருப்பது வேறு. அதைத்தான் விளக்க வேண்டும். விளக்குவதற்கு முன், தங்கள் பரம்பரைக் கதையை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறேனா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். ஏனென்றால் இன்றைய தேதியில் எனக்கு எதுவுமே சரியாகப் புரிந்திருப்பதாகத் தோன்றவில்லை.

தங்கள் முப்பாட்டனாருக்கும் முப்பாட்டனார் கப்பல் தச்சர். அவர் போன கப்பலைக் கடற்கொள்ளையர்கள் மடக்கினார்கள். மற்றவர்களைப் படகில் இறக்கிவிட்டு, இவரை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு, கொள்ளைக் கப்பலின் ஓட்டையை அடைக்கச் சொன்னார்கள். இவர் அடைத்த அழகைப் பார்த்துக் கொள்ளைத் தலைவன் மகிழ்ந்து, புதையல் பெட்டியைத் திறந்து ஒரு வெள்ளிக் காசை எடுத்து, அதில் தன் கையாலேயே தன் அடையாளக் குறியைக் குத்திக் கொடுத்தான். இந்தக் குறியுள்ள காசை வைத்திருப்பவன் மேல் எந்தக் கொள்ளைக்காரனும் கை வைக்க மாட்டான் என்பது ஏற்பாடு. அந்தக் காசுதான் இந்தக் காசு. சரிதானே? இதில் ஒரே ஒரு சங்கடம், காசில் எந்தக் குறியும் இல்லை. தார் பூசினது போல இரண்டு பக்கமும் கறுப்பு. குடும்பம் ஒன்றுகூடும் ஒவ்வொரு சாப்பாட்டின் போதும் தங்கள் பெரிய தம்பி “அண்ணே, குறி எங்கே?” என்று கேட்பதும், சின்னத் தம்பி “கொள்ளைக்காரன் அதையும் திருடிட்டுப் போயிட்டான் போல” என்று சொல்வதும், தாங்கள் இலையை, மன்னிக்கவும், தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவதும் நானே கண்ணால் கண்டது. அப்போது இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிந்த காலம். எனக்கு அன்று வயிறு நிறையவில்லை சம்பந்தி. தங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதனால்தான் எங்கள் தெருமுனை அருங்காட்சியகத்தில் ‘கடலும் காசும்’ என்று கண்காட்சி வைக்கப்போகிறார்கள், பழைய காசு வைத்திருப்பவர்கள் கொண்டுவந்து காட்டலாம் என்று அறிவிப்பு பார்த்ததும் ஓடிவந்து தங்களுக்குச் சொன்னேன். தாங்களும் மாப்பிள்ளை கையில் காசைக் கொடுத்தனுப்பினீர்கள். அதுவரை எல்லாம் சரி. அதற்குப் பிறகு நடந்த எதற்கும் நான் பொறுப்பு. அல்லது பொறுப்பில்லை. தெரியவில்லை.

மாப்பிள்ளை டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போன அன்று என் வலது கண்ணில் கட்டு. ஆபரேஷன் ஆகி வீடு திரும்பிய நேரம். இடது கண்ணில் புரை. இரண்டுக்கும் நடுவில் நான். அப்படி இருக்கும்போது சும்மா இருக்க வேண்டியதுதானே? முடியவில்லை. முப்பத்தைந்து ஆண்டு எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்தவன். கையில் ஒரு பொருள் வந்தால் எடை போடாமல் வைக்கத் தெரியாது. பரணில் இருந்த என் பழைய தராசை இறக்கச் சொல்லி, காசை வைத்து, பூதக்கண்ணாடியை இடது கண்ணில் ஒட்டவைத்துக்கொண்டு எடை போட்டேன். இருபத்து நான்கு கிராமுக்குச் சற்று மேல். இந்த வகைக் காசு இருபத்தேழு கிராம் இருக்க வேண்டும் என்று மாப்பிள்ளை போனில் பார்த்துச் சொல்லியிருந்தார். எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது.

“குறை எடை! பட்டப்பகல் மோசடி!” என்றேன்.

“கொள்ளைக்காரன்கிட்ட போய் சரியான எடைய எதிர்பார்க்கிறீங்களே, உங்கள என்ன சொல்றது?” என்றாள் என் மனைவி, கண் மருந்துப் புட்டியைக் குலுக்கிக்கொண்டே.

இந்த இடத்தில் என் முத்திரை அச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். தங்களுக்கு அது தெரியும். தங்கள் கடைப் படிக்கல் ஒவ்வொன்றின் அடியிலும் ஈயத்தில் அது பதிந்திருக்கிறது. நம் பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேச வந்தபோது நான் தங்கள் முகத்தைவிட முதலில் தங்கள் தராசைத்தான் அடையாளம் கண்டேன். என் சரகத்தில் ஒருமுறைகூடக் குறை எடை காணாத கடை தங்கள் கடை ஒன்றுதான், அந்த ஒரே காரணத்துக்காகத்தான் ஜாதகம், வேலை, சம்பளம் எதையும் கேட்காமல் சரி என்றேன் என்பதை இதுவரை தங்களிடம் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். ஓய்வு பெற்ற அன்று, நான் இத்தனை காலம் கையாண்ட அந்த அச்சை, இனி செல்லாதபடி ஓரத்தை அரத்தால் ராவிவிட்டு, எனக்கே நினைவுப் பரிசாகக் கொடுத்தார்கள். வட்டத்துக்குள் ஒரு நட்சத்திரம், அதன் கீழ் ஒரு கோடு. கொடுத்தவர்கள் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கொடுத்திருக்கலாம். சும்மா கொடுத்துவிட்டார்கள். கை சும்மா இருக்குமா? வீட்டில் எது எனக்குத் திருப்தியாக இருந்தாலும் ‘சரிபார்த்தாயிற்று’ என்று ஒரு தட்டுத் தட்டிவிடுவேன். கரண்டியில் குத்தியிருக்கிறேன். கதவுத் தாழ்ப்பாளில் குத்தியிருக்கிறேன். என் மகள் தனிக்குடித்தனம் போனபோது எடுத்துப்போன சமையல் பாத்திரம் முழுக்கக் குத்தியிருக்கிறேன், சந்தேகம் இருந்தால் அவள் வீட்டுப் பால் பாத்திரத்தைத் திருப்பிப் பாருங்கள். ஆனால் ஒன்று. குறை எடையுள்ள எதிலும் நான் முத்திரை வைத்ததில்லை. மந்திரி வீட்டுக் கடைக்கே வைக்கவில்லை. அதற்காக என்னைத் தூரத்து மலையூருக்கு மாற்றியபோதும் வைக்கவில்லை.

காசு வந்த அன்று அந்த அச்சும் சுத்தியலும் என் கையில் இருந்தன. இது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எதன் மேல் தட்டினேன் என்பது நினைவில்லை.

கண் கட்டைப் பிரித்த பிறகு அருங்காட்சியகத்துக்குப் போனேன். நாணயப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். மேசை நிறையப் பூதக்கண்ணாடிகள், பஞ்சு, சின்னச் சின்னக் காகித உறைகள். நல்ல மரியாதை தெரிந்த பெண். ஆனால் அவர் தராசைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முத்திரை காலாவதி ஆகி வருடக்கணக்காகிறது. “அம்மா, இதுல போட்டுத்தான் உலகத்துக் காசெல்லாம் எடை பார்க்கிறீங்களா?” என்று கேட்டேன். அவர் முகம் சிவந்து, மறுநாளே சரிசெய்வதாகச் சொன்னார். வந்த காரியத்தை விட்டுவிட்டு இதைப் பேசிக்கொண்டிருந்ததில் அரை மணி நேரம் போய்விட்டது, அதற்காகத் தாங்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

பிறகு தங்கள் கதையை ஒரு வரி விடாமல் சொன்னேன். கப்பல் தச்சர், ஓட்டை, புதையல் பெட்டி, குறி எல்லாம். அவர் சிரிக்கவில்லை. “நல்ல கதை சார்” என்றார். “ஆனா கொள்ளைக்காரங்க பெட்டி பெட்டியா புதைச்சு வெச்சாங்கங்கறது பெரும்பாலும் பின்னால வந்த கதைதான். கிடைச்சத அடுத்த துறைமுகத்துலயே செலவழிச்சிடுவாங்க. பாதி நேரம் அவங்க கொள்ளையடிச்சது காசே இல்ல. துணி, மாவு, மருந்து, கயிறு.”

கயிறு என்றதும் எனக்குத் தங்கள் கடை நினைவுதான் வந்தது.

“அப்போ இந்தக் காசு?” என்றேன்.

“இது ஸ்பெயின் ராஜா பேர்ல அடிச்ச எட்டு ரியால் காசு சார். தென் அமெரிக்காவுல மலையக் குடைஞ்சு வெள்ளி எடுத்து, துண்டு துண்டா வெட்டி, சுத்தியால அடிச்சு அனுப்புவாங்க. வட்டமா இருக்கணும்னு யாருக்கும் கவலையில்ல. எடை சரியா இருந்தா போதும்.”

இந்தக் கடைசி வாக்கியத்தில் எனக்கு அந்த ராஜா மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. உலகம் முழுக்க ஓடியது இந்தக் காசுதானாம். கொள்ளைக்காரன் மடியிலும் இருந்ததாம், கோதுமை வியாபாரி பெட்டியிலும் இருந்ததாம். சில்லறை வேண்டுமென்றால் காசையே வெட்டிக் கொடுப்பார்களாம். ஓரத்தைச் சுரண்டி வெள்ளி எடுப்பவர்களும் உண்டாம். சில துறைமுகங்களில் வியாபாரிகள் வெள்ளி நல்லதுதானா என்று பார்த்து, அவரவர் குறியைக் குத்தி அடுத்தவனுக்குத் தள்ளிவிடுவார்களாம். அப்படியானால் இது கொள்ளைக்காரன் காசா, மளிகைக்காரன் காசா என்று கேட்டேன். “ரெண்டு பேரும் வெச்சிருந்திருக்கலாம் சார், காசு யார்கிட்ட இருந்தேன்னு சொல்லாதுல்ல” என்றார். எனக்குத் தலை சுற்றியது. எங்கள் துறையில் ஒன்று சரி, இல்லையென்றால் தப்பு. இப்படி இருந்திருக்கலாம் என்ற மூன்றாவது பேச்சே கிடையாது. காசைச் சுத்தம் செய்து பார்த்துச் சொல்வதாக வாங்கி வைத்துக்கொண்டார்.

அடுத்த முறை போனபோது வாசலுக்கே வந்துவிட்டார். “சார், உங்க சம்பந்தி கதையில வந்த குறி! இருக்கு சார்! கறுப்பு மொத்தத்தையும் மெதுவா எடுத்ததும் அடியிலேர்ந்து வந்துச்சு!” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். காசு வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு பக்கம் சிலுவை, மறு பக்கம் ஏதோ தேய்ந்த கேடயம். கேடயத்தின் ஓரத்தில் ஒரு குறி. என்னைப் பூதக்கண்ணாடி வழியாகப் பார்க்கச் சொன்னார். நான் வலது கண்ணால் பார்ப்பதற்குப் பதில் பழக்கதோஷத்தில் இடது கண்ணால் பார்த்தேன். பிறகு பதற்றத்தில் வலது கண்ணாலும் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. வட்டத்துக்குள் ஒரு நட்சத்திரம். அதன் கீழ் ஒரு கோடு.

“இந்த மாதிரிக் குறிய எந்தப் புத்தகத்துலயும் பார்த்ததில்ல சார். வெறும் காசுன்னா இது மாதிரி ஆயிரம் இருக்கு. இந்தக் குறியாலதான் இதுக்கு மதிப்பே. நடுக்கூடத்துல, நுழைஞ்சதும் முதல் கண்ணாடிப் பெட்டில வைக்கப்போறோம்” என்றார்.

சம்பந்தி, அது என் அச்சு பதிக்கும் அதே குறி. கொள்ளைத் தலைவன் குறியல்ல அது, எடை அளவுத் துறையின் செல்லாத முத்திரை என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவர் அடுத்த ஏற்பாட்டுக்குப் போய்விட்டார். திறப்பு விழாவன்று உரிமையாளர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டு ஒப்படைக்க வேண்டும் என்று காசை என்னிடமே திருப்பித் தந்தார். வெளியே வரும்போது வாசல் காவலாளி டப்பாவைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். “காச எடுத்துக்கிட்டு எங்க கிளம்பிட்டீங்க?” என்றார். “இது என் சம்பந்தியோடதுங்க” என்றேன். “உள்ள இருக்கிற எல்லாமே யாரோ ஒருத்தரோட சம்பந்தியோடதுதான் சார், அதுக்காக வீட்டுக்கு எடுத்துட்டுப் போக முடியுமா?” என்றார். அந்த அம்மா ஓடிவந்து சொன்ன பிறகுதான் விட்டார்கள். அதற்குள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒரு வரிசை நின்று என்னைத் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் பார்த்ததில் தப்பில்லை என்றே எனக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கேட்டேன்.

“காசு வந்த அன்னிக்கு நான் எதையாவது தட்டினேனா?”

“தட்டினீங்களே. டொக்குன்னு சத்தம் கேட்டுச்சு. நான் அடுப்படில இருந்தேன்.”

“எத தட்டினேன்?”

“எனக்கென்ன தெரியும்? நீங்க தட்டாத சாமான் இந்த வீட்ல எது இருக்கு? நான் அசையாம உக்காந்திருந்தா என் மேலயும் ஒண்ணு குத்துவீங்க.”

நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். “சம்பந்தி வீட்டுக் காசுலயா?” என்றாள். அந்த நேரம் பார்த்துத்தான் தங்கள் போன் வந்தது. அருங்காட்சியகத்து அம்மா தங்களிடம் முந்திக்கொண்டு பேசிவிட்டார் போலிருக்கிறது. தாங்கள் அழுதீர்கள் சம்பந்தி. “எங்கப்பா சாகற வரைக்கும் குறி இருக்குன்னு சொல்லிட்டே இருந்தார், நானே பாதி நம்பல” என்று சொல்லி அழுதீர்கள். இத்தனை வருடப் பழக்கத்தில் தாங்கள் அழுது நான் கேட்டதில்லை. நான் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டேன். மறுநாள் என் மகள் போன் செய்து, மாமா தம்பிகள் இருவரையும் கடைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார், பெரியவர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார், சின்னவர் எழுந்து மாமா கையைப் பிடித்துக்கொண்டார், திறப்பு விழாவுக்கு எல்லாரும் வேன் பிடித்து வருகிறோம் என்றாள்.

சரி, தங்களிடம் சொல்ல முடியவில்லை, அருங்காட்சியகத்திலாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று போனேன். நேராகச் சொல்லக் கூச்சமாக இருந்ததால் கொஞ்சம் சுற்றிவளைத்து ஆரம்பித்தேன். அதுதான் வினை.

“அம்மா, அந்தக் குறிய வியாபாரி குத்தலன்னு நெனக்கிறேன். எடை பார்க்கிற அதிகாரி யாராவது குத்தியிருக்கலாம்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “சார்!”

“என்னம்மா?”

“எனக்கு இது தோணவே இல்ல சார்! துறைமுகத்து எடை அதிகாரி! நீங்க அந்தத் துறையில இருந்ததால உடனே பிடிச்சிட்டீங்க.”

“அப்படி இல்லம்மா. வேலையில இருக்கிற அதிகாரி இல்ல. ஓய்வு பெற்றவரு.”

“குறியப் பார்த்தே அது தெரியுமா சார்?”

“கை நடுங்கியிருக்கு பாருங்க.”

அவர் தான் எடுத்து வைத்திருந்த காசின் படத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். “ஆமா சார், ஒரு பக்கம் சாஞ்சிருக்கு!”

“கண்ணுல புரையும் இருந்திருக்கும்” என்றேன், அழாத குறையாக. இதற்கு மேல் எப்படிச் சொல்வது?

“நீங்க இந்த ஆராய்ச்சிக்கே வந்திருக்கணும் சார்” என்றார் அவர், மளமளவென்று எழுதிக்கொண்டே. இப்போது கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்போகும் அட்டையில் இரண்டு வரி சேர்ந்துவிட்டது. எனக்கே படித்துக் காட்டினார். ‘குடும்பச் செவிவழிக் கதைப்படி கொள்ளைத் தலைவன் ஒருவனின் குறி. பெயர் தெரியாத ஒரு துறைமுகத்தின் முதிய எடை அதிகாரியின் முத்திரையாகவும் இருக்கலாம்.’ பெயர் தெரியாத முதிய எடை அதிகாரி அவர் எதிரிலேயே உட்கார்ந்து அவர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தான்.

சம்பந்தி, நான் என்ன செய்வது? உண்மையைச் சொன்னால், தங்கள் தம்பிகள் முன் தங்களுக்கு இப்போதுதான் கிடைத்த மரியாதை போகும். போவதோடு நிற்காது, அடுத்த சாப்பாட்டிலிருந்து “அண்ணே, கொள்ளைத் தலைவன் பென்ஷன் வாங்குறாராமே” என்று ஆரம்பித்துவிடுவார்கள். சொல்லாவிட்டால், வாழ்நாள் முழுக்கப் பொய் எடையைப் பிடித்தவன் ஊரறிய ஒரு பொய்யைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டியவன் ஆவேன். அதிலும் தங்கள் பெயரில். குறை எடையே காணாத கடையின் பெயரில். இடது கண்ணில் தெரிவது ஒரு நியாயம், வலது கண்ணில் தெரிவது வேறு நியாயமாக இருக்கிறது. இதையெல்லாம் தாண்டி, இருபத்து நான்கு கிராம் காசுக்கு நான் எப்படி முத்திரை வைத்தேன் என்பதை நினைத்தால்தான் என் மேல் எனக்கே வெறுப்பாக இருக்கிறது.

எனவே நன்றாக யோசித்து முடிவு செய்து எழுதுகிறேன். காசை ஒப்படைக்க வேண்டாம். வேனுக்குக் கொடுத்த முன்பணம் போனால் போகட்டும், என் பென்ஷனில் தந்துவிடுகிறேன். தம்பிகளிடம் எல்லாத் தப்பும் என்னுடையது என்று சொல்லுங்கள், வேண்டுமானால் நானே வந்து அவர்கள் முன் நின்று சொல்கிறேன். என் மகளை மட்டும் இதற்காக ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். அவள் என்னைப்போல இல்லை, எதையும் தட்டமாட்டாள்.

சம்பந்தியம்மாவுக்கு என் மனைவியின் அன்பையும் என் வணக்கத்தையும் சொல்லவும். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசிகள். எல்லாரும் நீண்ட ஆயுளோடும் நல்ல கண்பார்வையோடும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்பை எதிர்பார்த்து,
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் என் மனைவி கடிதத்தை வாங்கிப் படித்தாள். பாதியில் நிறுத்தி, “அந்தப் பொண்ணு குறி எங்க இருந்துச்சுன்னு சொன்னதா எழுதியிருக்கீங்க?” என்று கேட்டாள். “கறுப்புக்கு அடியில” என்றேன். “காசு நம்ம வீட்டுக்கு வந்தப்பவே கறுப்புதானே? அந்தக் கறுப்பு ஏற எத்தனை தலைமுறை ஆகியிருக்கும்? நீங்க எப்படிக் கறுப்புக்கு அடியில போய்க் குத்தினீங்க? அதுவும் எடை குறைஞ்ச சாமான்ல?” என்றாள். சம்பந்தி, எவ்வளவு பெரிய உண்மை! மேலே எழுதியது எதையும் தாங்கள் நம்ப வேண்டாம். குறி உண்மையான குறி. கொள்ளைத் தலைவனோ துறைமுக அதிகாரியோ, எவனோ ஒருவன் பல தலைமுறைக்கு முன் குத்தியது. தங்கள் அப்பா சொன்னது சரி. வேனை நிறுத்த வேண்டாம். தம்பிகளைக் கட்டாயம் முன் சீட்டில் உட்காரவைத்துக் கூட்டி வரவும்.

இருந்தாலும் எங்கள் துறையில் நியாயம் மட்டும் போதாது, நேரடி ஒப்பீடு வேண்டும். அச்சின் முகத்தைப் பார்த்தால் எல்லாம் இடம் வலம் மாறித் தெரியும், குத்திப் பார்த்தால்தான் ஒப்பிட முடியும். ஒரே உலோகத்தில் பக்கத்துப் பக்கத்தில் குத்தினால்தான் அது ஒப்பீடு, இது விதி. சந்தோஷத்தில் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. ஒரே ஒரு தட்டு. வலது கண்ணால் பார்த்தேன். இரண்டும் வேறு வேறு! பழைய நட்சத்திரத்துக்கு எல்லா முனையும் இருக்கிறது, என்னுடையதில் துறை அரத்தால் ராவிய முனை இல்லை. நான் குற்றமற்றவன் என்று கூவிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். என் மனைவி காசைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு தங்கள் பித்தளை டப்பாவை எடுத்துத் திருப்பிக் காட்டினாள். அடியில் என் முத்திரை, ஒரு முனை இல்லாமல். மாப்பிள்ளை வந்த அன்று நான் தட்டியது அதைத்தான். அதைப் பார்த்தே ஒப்பிட்டிருக்கலாம்.

ஆக, தற்சமயம் காசில் இரண்டு குறிகள் இருக்கின்றன. தங்கள் மூதாதையருக்குக் கிடைத்தது சற்றுத் தேய்ந்திருக்கும், என்னுடையது பளிச்சென்று இருக்கும். அந்த அம்மாவிடம் என்ன சொல்வது என்று தாங்கள்தான் யோசித்துச் சொல்ல வேண்டும். கோபம் வந்தால் ஒன்றை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள் சம்பந்தி. முப்பத்தைந்து ஆண்டு உத்தியோகத்தில், மந்திரி கேட்டும் செய்யாத நான், குறை எடை என்று தெரிந்தே முத்திரை குத்தியது தங்கள் காசு ஒன்றுக்குத்தான்.